சாய்வு நீலம்

ஆட்டர் ஃபால்ஸ், மிச்சிகன்
ஜூன் 3

அன்புள்ள ரைனோ,

இங்கே நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம். உன் முதுகு எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்றினாயா, இல்லை டாக்டரைத்தான் மாற்றினாயா?

ஏரியில் கடைசிப் பனிக்கட்டியும் கரைந்துவிட்டது. கொசு வந்துவிட்டது. இந்த வருஷம் கொசுவோடு இன்னொரு கூட்டமும் வந்திருக்கிறது. என் கடைக்கு இடப்பக்கம் காலியாகக் கிடந்த செருப்புக் கடையை நீலக் கட்சிக்காரர்கள் தேர்தல் ஆபீஸுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். மறு வாரமே வலப்பக்கம், பழைய பூக்கடையில், சிவப்புக் கட்சிக்காரர்கள் பலகை மாட்டிவிட்டார்கள். நடுவில் நான். காலையில் கதவைத் திறந்தால் இரண்டு பக்கமும் "குட்மார்னிங், வெர்னா" என்கிறார்கள். ஒருவருக்கு முதலில் பதில் சொன்னால் மற்றவர் முகம் வாடுகிறது.

சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கட்சி இல்லை. எல்லோரும் என்னிடம்தான் இறைச்சி பொதிந்து சுட்ட பாஸ்ட்டி வாங்குகிறார்கள். நேற்று வர்ஜீனியாவிலிருந்து வந்த சிவப்புக் கட்சிப் பெண் ஒருத்தி, பெயர் பிரிசில்லா, ஒரு வாய் கடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு கிரேவி தரமாட்டீங்களா?" என்று கேட்டாள். கடையே திரும்பி அவளைப் பார்த்தது.

"இந்த ஊர்ல ஓட்டு வாங்கணும்னா அதை மட்டும் கேக்காதே கண்ணு. கெட்சப் அந்தா இருக்கு" என்றேன்.

தபால் நிலையத்துச் சுவரில் உங்கள் இதழின் தேர்தல் வரைபடத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள். மிச்சிகனுக்குச் சாம்பல் நிறம், அடியில் "இழுபறி" என்று எழுத்து. "உன் தம்பி நம்மள இழுபறின்னு போட்டுட்டான். நவம்பர் வரைக்கும் நமக்கு ராஜ மரியாதைதான்" என்று வருகிறவர்களெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

எங்கள் பெண் கைசாவுக்கு நர்ஸ் படிப்பில் இன்னும் ஒரு வருஷம். விடுமுறைக்கு வந்து கடையில் மாவு பிசைகிறாள். வெய்ன் காகித ஆலைக்கும் சங்கக் கூட்டத்துக்குமாகப் போய் வருகிறார்.

முதுகைக் கவனித்துக்கொள். எழுது.

உன் அக்கா
வெர்னா

---

வாஷிங்டன்
ஜூன் 16

அன்புள்ள அக்கா,

நலம். முதுகும் நலம், நாற்காலியைத்தான் மாற்றினேன். அத்தானையும் கைசாவையும் கேட்டதாகச் சொல். கணினியில் எழுதினால் எனக்கு இரண்டு வரிக்குமேல் வருவதில்லை. உன் கடிதம் வந்தால்தான் நானும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த வரைபடத்தை ஒட்டியவர்களிடம் சொல், அது நான் தரும் மரியாதை இல்லை. எங்களிடம் ஐந்து பெட்டிகள் இருக்கின்றன: உறுதி சிவப்பு, சாய்வு சிவப்பு, இழுபறி, சாய்வு நீலம், உறுதி நீலம். ஒரு மாநிலத்தில் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கு அந்த மாநிலமே முழுதாகப் போய்விடுவதால், உறுதியான மாநிலத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இழுபறியை விட்டு யாரும் நகர்வதில்லை. எந்த மாநிலம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று சொல்வது மட்டும்தான் எங்கள் வேலை. மத்திய மேற்கு முழுவதும் என் பொறுப்பு. கடைசிச் சொல் ஆசிரியர் மிரியமுடையது. அந்த அம்மாளுக்கு "என் மனசு சொல்கிறது" என்று யாராவது ஆரம்பித்தாலே ஆகாது. "உன் மனசை வீட்ல வச்சிட்டு வா" என்பாள்.

ஆனாலும் இங்கே சிலர் எங்கள் வரைபடத்தைப் பார்த்துத்தான் ஆள் அனுப்புகிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

வெய்ன் அத்தான் என்ன கூட்டங்களுக்குப் போகிறார்? முன்பெல்லாம் சங்கக் கூட்டம் என்றால் மீன்பிடிக்க ஓடிவிடுவாரே. ஆலை எப்படி ஓடுகிறது?

கொசுவிடமிருந்தும் தொண்டர்களிடமிருந்தும் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
ரைனோ

---

ஆட்டர் ஃபால்ஸ்
ஜூலை 9

அன்புள்ள ரைனோ,

எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் அடுப்படி வெப்பத்தில் கால் வீங்கியது, இப்போது பரவாயில்லை. நீ வெயிலில் அலையாதே.

ஜூலை நான்காம் தேதி ஊர்வலத்தில் நீல வண்டி முன்னே போவதா, சிவப்பு வண்டி முன்னே போவதா என்று பெரிய வழக்கு. கடைசியில் தீயணைப்பு நிலையத் தலைவர் தன் வண்டியை நடுவில் விட்டு மணி அடித்துக்கொண்டே போனார். அதற்கு விழுந்த கைதட்டல் மற்ற இரண்டுக்கும் விழவில்லை.

ஒரு செய்தி. செப்டம்பர் கடைசியில் சிவப்புக் கட்சியின் வேட்பாளரே இங்கே வரப் போகிறாராம். ஆலை வாசலில் பேச்சு. அவர் வந்தால் எங்கள் ஆளும் மறு வாரம் வருவார் என்று நீலக்காரர்கள் சொல்கிறார்கள். நாட்டின் தலைவராகப் போகிறவர் ஆட்டர் ஃபால்ஸில் கால் வைப்பதை நம்ப முடிகிறதா? வெய்ன் அந்தத் தேதியைச் சமையலறை நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். பிறந்த நாளுக்குக்கூட அவர் அப்படிச் செய்ததில்லை.

காட்டில் இந்த வருஷம் நீலப்பெர்ரி நிறையக் காய்த்திருக்கிறது. கரடிக்கு முன்னால் நாங்கள் போக வேண்டும். ஜாம் செய்து அனுப்புகிறேன். வெய்ன் கொஞ்சம் மெலிந்திருக்கிறார். அவ்வளவுதான்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா வெர்னா

---

வாஷிங்டன்
ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஒஹாயோ, விஸ்கான்சின் என்று சுற்றிவிட்டு நேற்றுத்தான் வந்தேன். உடம்பு நன்றாக இருக்கிறது. உன் கால் வீக்கம் வடிந்ததா? அத்தான் ஏன் மெலிந்தார்? டாக்டரைப் பார்த்தாரா? ஜாம் வந்தது. அலுவலகத்தில் வைத்தது தப்பு. ஒரே பகலில் புட்டி காலி.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கருத்துக்கணிப்புகளில் மிச்சிகன் மெல்ல நீலத்தின் பக்கம் நகர்கிறது. தெற்கே, டெட்ராயிட் பக்கம், அது எதிர்பார்த்ததுதான். எனக்குப் புரியாதது உங்கள் பக்கம். போன முறை சிவப்புக்குப் போட்ட வயதானவர்கள், ஆலைக்காரர்கள், மரம் வெட்டுபவர்கள் எல்லாம் தொலைபேசியில் கேட்டால் "இன்னும் முடிவு செய்யலை" என்கிறார்கள். அது உண்மையா, இல்லை கேட்கிறவனிடம் சொல்லப் பிடிக்காமல் சொல்வதா? அது உண்மை என்றால் இழுபறிதான். மழுப்பல் என்றால் மாநிலம் சாய்ந்துவிட்டது.

கணிப்புக்காரனிடம் சொல்லாததை ஜனங்கள் உன் கடையில் சொல்வார்கள். உன் ஆசையைக் கேட்கவில்லை, உன் காதில் விழுவதைக் கேட்கிறேன். தெரியாது என்றால் தெரியாது என்று எழுது. நான் அந்தப் பெட்டியிலேயே விட்டுவைப்பேன்.

அன்புடன்
ரைனோ

---

ஆட்டர் ஃபால்ஸ்
ஆகஸ்ட் 30

அன்புள்ள ரைனோ,

சுகம். கால் சரியாகிவிட்டது. வெய்னுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை, நீ கவலைப்படாதே.

நீ கேட்டதற்கு உடனே பதில் எழுதவில்லை. எழுத நினைத்த போதெல்லாம் மாவு பிசைய வேண்டியிருந்தது.

முடிவு செய்துவிட்டார்கள், ரைனோ.

ஹைக்கினன் வீட்டுக் கிழவர் பிறந்ததிலிருந்தே சிவப்பு. போன வாரம் இடப்பக்கக் கடைக்குள் போய் நீலப் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, கோட்டுக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போனார். "முன் வாசல்ல வைக்கமாட்டேன். பின்னாடி, கோழிக் கூண்டுகிட்ட வைப்பேன். கோழிக்குத் தெரிஞ்சாப் பரவாயில்ல" என்றார். அவரைப் போல ஒருவர் இல்லை, நிறையப் பேர். மரம் வெட்டுபவர்கள் மேஜையில் ஜூனில் சண்டை நடந்தது. இப்போது சண்டையே இல்லை. வேட்டை நாயைப் பற்றிப் பேசுகிறார்கள். முடிவு செய்தவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள். பிரிசில்லாவே நேற்று, "இங்க ஆளுங்க கதவைத் திறந்து ரொம்ப மரியாதையாப் பேசறாங்க. அதான் பயமா இருக்கு" என்றாள்.

என் காதில் விழுந்தது இதுதான். தெரியாது என்று எழுத எனக்கு வரவில்லை.

இங்கே இரவில் குளிர் தொடங்கிவிட்டது. காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அக்கா

---

வாஷிங்டன்
செப்டம்பர் 10

அன்புள்ள அக்கா,

நான் நலம், நீங்களும் நலமென்று நம்புகிறேன்.

செய்தியை நீ வானொலியில் கேட்டிருப்பாய். நேற்று மிச்சிகனை மாற்றினோம். இழுபறியிலிருந்து சாய்வு நீலம். இந்தப் பருவத்தில் முதலில் சொன்னது நாங்கள்தான். மாலைக்குள் தொலைக்காட்சிக்காரர்களும் நிறத்தை மாற்றிவிட்டார்கள். எண்கள் எல்லாம் அந்தப் பக்கமே காட்டின. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. உன் கடிதம் அதை எடுத்துவிட்டது. மிரியமிடம் படித்துக் காட்டினேன். அந்தக் கோழிக் கூண்டுக்குச் சிரித்துவிட்டு, "உங்க அக்காவை வேலைக்கு எடுத்திருக்கணும்" என்றாள்.

வருஷக் கணக்கில் எண்களோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றைச் சரியாகப் பிடித்தோம் என்று தோன்றும் நாள் அபூர்வம். அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

அத்தானுக்குப் பசி எடுக்கிறதா? எழுது.

அன்புடன்
ரைனோ

---

வாஷிங்டன்
செப்டம்பர் 27

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம்தானே? உன் பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டேன். "கடையில கூட்டம், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை உன் கடை திறப்பதில்லை என்பது எனக்குத் தெரியும்.

சிவப்புக் கட்சி மிச்சிகனிலிருந்து ஆட்களை எடுத்துக்கொண்டு ஒஹாயோவுக்குப் போய்விட்டது என்று இங்கே பேச்சு. உங்கள் ஊர்ப் பயணமும் ரத்தாகியிருக்கும். அதற்காக என்மேல் கோபமா? வேட்பாளரை நேரில் பார்க்கும் ஆசையை நான் கெடுத்துவிட்டேனா?

உடம்புக்கு ஏதாவது என்றால் கைசாவையாவது எழுதச் சொல்.

ரைனோ

---

ஆட்டர் ஃபால்ஸ்
அக்டோபர் 3

மச்சான் ரைனோவுக்கு,

நான் கடிதம் எழுதுகிறவன் இல்லை, உனக்குத் தெரியும். உடம்பு எல்லோருக்கும் சுகம். வெர்னா கடையில் இருக்கிறாள். இதை அவள் எழுதச் சொல்லவில்லை. எழுதக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

ஆலையை மூடுகிறார்கள். போன வாரம் வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். கிறிஸ்துமஸுக்கு முன் கடைசி ஷிப்ட்.

ஏப்ரலிலேயே கம்பெனி சங்கத்தைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டது, மூடுவதைப் பற்றி யோசிக்கிறோம், வெளியே பேசினால் அன்றே பூட்டுவோம் என்று. நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். உன் வரைபடத்தில் நாம் இழுபறி என்று வந்ததும் எனக்கு ஒரு யோசனை. இரண்டு கட்சி ஆபீஸுக்கும் தனித்தனியாகப் போய், உங்கள் ஆளை எங்கள் வாசலில் வந்து பேசச் சொல்லுங்கள் என்றேன். நாட்டின் தலைவராகப் போகிறவன் கேமராக்களோடு வாசலில் நின்று "இந்த ஆலை ஓடணும்" என்று சொல்லிவிட்டால், மறுநாள் மூட எந்தக் கம்பெனிக்குத் துணிவு வரும்? கோடை முழுவதும் கம்பெனியும் அதைத்தான் பார்த்துக்கொண்டு தள்ளிப்போட்டது.

நீங்கள் நிறத்தை மாற்றினீர்கள். சிவப்பு ஆள் வரவில்லை. அவன் வராததால் நீல ஆளுக்கும் வர வேண்டிய தேவை இல்லை. இரண்டு ஆபீஸும் காலி.

உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. திட்ட நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உனக்குத் தெரிய வேண்டியது வேறு. நீ அந்தக் கேள்வியைக் கேட்டு எழுதினாயே, அவள் பதில் எழுதும்போது நான் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

"தெரியாதுன்னு எழுதிடு வெர்னா" என்றேன்.

"தெரியுமே" என்றாள்.

"ஒரே ஒரு மாசம் தள்ளினாப் போதும். சிவப்பு ஆள் வந்து பேசிட்டுப் போயிடுவான்."

"தம்பி என்கிட்ட உண்மையைக் கேட்டிருக்கான், வெய்ன். அவன் பிழைப்பே அதுதான்."

"அப்போ ஆலை விஷயத்தையாவது எழுது. அவனே முடிவு பண்ணட்டும்."

"எழுதினா அவன் நமக்காகப் பொய் சொல்லணும், இல்லைன்னா நம்மளைத் தெரிஞ்சே கைவிடணும். ரெண்டையும் நான் அவன் தலையில வைக்கமாட்டேன்" என்றாள். உறையை ஒட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று அவளோடு நான் பேசவில்லை. இப்போது பேசுகிறேன். அவள்தான் உன்னோடு பேச முடியாமல் இருக்கிறாள். பேசினால் குரல் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வெய்ன் லாஹ்தி

---

வாஷிங்டன்
அக்டோபர் 7

அன்புள்ள அக்கா, அத்தான்,

உங்கள் உடம்பு நலம் என்று அத்தான் எழுதியது ஒன்றுதான் அந்தக் கடிதத்தில் ஆறுதல். அவரைக் கோபிக்காதே. எழுதியது நல்லது.

நேராக மிரியமிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனேன். அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். பிறகு, "முன்னாடியே உனக்குத் தெரிஞ்சிருந்தா மிச்சிகனை உன்கிட்டேர்ந்து வாங்கி வேற ஆள்கிட்ட கொடுத்திருப்பேன். அந்த ஆளும் இதே நிறத்தைத்தான் போட்டிருப்பான்" என்றாள். அது உண்மை. ஆனாலும் நான் சந்தோஷமாக எழுதிய செப்டம்பர் கடிதத்தை நீ எப்படிப் படித்திருப்பாய் என்று நினைத்தால் என்னால் உட்கார முடியவில்லை.

அந்த வரைபடத்தை மாற்ற முடியாது, மாற்றவும் மாட்டேன். நீயும் அதைக் கேட்கமாட்டாய். ஆனால் இரண்டு நாளாக வேறொன்றைத் தோண்டிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்கிறேன்.

நாட்டின் தலைவர் தேர்தலுக்குத்தான் நீங்கள் சாய்ந்துவிட்டீர்கள். அதே நவம்பரில், அதே வாக்குச் சீட்டில், கீழே இன்னொரு தேர்தல் இருக்கிறது: மாநிலத் தலைநகர் லான்சிங்கில் கூடும் மாநில அவைக்கு உங்கள் தொகுதி உறுப்பினர். போன இரண்டு முறையும் அந்த இடத்தைத் தீர்மானித்த கூடுதல் ஓட்டுக்காரர்கள் எல்லோரும் உங்கள் பள்ளி விளையாட்டுக் கூடத்துக்குள் அடங்கிவிடுவார்கள். ஒரு முறை நீலம், ஒரு முறை சிவப்பு. சுத்தமான இழுபறி. வாஷிங்டனில் யாரும் அதற்கு நிறம் பூசுவதில்லை, நாங்களும் பூசுவதில்லை. அதனால்தான் நான் தாராளமாகச் சொல்ல முடிகிறது. எண்கள் எல்லாம் பொதுவில் கிடப்பவை. ஆலை வேலைக்காரர்களும் அவர்கள் வீட்டாரும் எந்தப் பக்கம் நகர்கிறார்களோ அந்தப் பக்கம்தான் அந்த இடம்.

தலைவர் வந்து வாசலில் பேசிவிட்டுப் போவார். ஆலையை உடைத்து விற்காமல் வாங்க வருகிறவருக்கு விற்கச் சொல்லவும், வாங்குகிறவரின் கடனுக்குப் பொறுப்பு நிற்கவும் லான்சிங்கால்தான் முடியும்.

போய்ப் பேசுங்கள். யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

என்மேல் கோபம் இருந்தால் அதையாவது எழுது, அக்கா.

ரைனோ

---

ஆட்டர் ஃபால்ஸ்
அக்டோபர் 26

அன்புள்ள ரைனோ,

சுகம். உண்மையாகவே சுகம், மறைக்க இனி ஒன்றும் இல்லாததால் தூக்கம் வருகிறது. நீ தூங்குகிறாயா?

உன்மேல் கோபம் இருந்தது. நீ தப்புச் செய்தாய் என்றில்லை, உன் சந்தோஷத்தைப் பார்த்து. அது போய்விட்டது. இனி அதைப் பற்றி வருத்தப்பட்டு எழுதாதே, எனக்கு வேலை இருக்கிறது.

உன் கடிதத்தை வெய்ன் சங்க அறையில் உரக்கப் படித்தார். பள்ளி விளையாட்டுக் கூடத்துக்குள் அடங்கிவிடுவார்கள் என்ற இடத்தில் யாரோ, "அப்போ நாமதான்டா தலைவருங்க" என்றான். அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இரண்டு வேட்பாளர்களையும் நானே போய்க் கூப்பிட்டேன். நீலக் கட்சிக்கு கோனி ட்ரெவாரோ. உனக்குப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தாளே, அவளேதான். சிவப்புக்கு ரஸ் பெலாங்கா. சரளைக்கல் லாரி ஓட்டுகிறவன். எங்கள் வாசல் பனியை அள்ளிவிட்டுத் தப்பு பில் அனுப்புவான்.

வெய்ன் தலைமை தாங்கினால் கத்திவிடுவார் என்று என்னைத் தலைமையில் உட்கார வைத்தார்கள். சங்க அறை கொள்ளவில்லை. படிக்கட்டு வரை ஜனம். இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தேன். பேச்சு எதுவும் வேண்டாம், இரண்டு கேள்வி என்றேன்.

"ஆலையை உடைச்சு இரும்புக்கு விக்கவிடாம லான்சிங்ல சண்டை போடுவீங்களா? வாங்க வர்றவனோட கடனுக்கு மாநிலம் பொறுப்பு நிக்கணும்னு மசோதா கொண்டு வருவீங்களா?"

கோனி உடனே எழுந்து சரி என்றாள். ரஸ் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"அரசாங்கம் கம்பெனிக்குக் கடன் பொறுப்பு நிக்கிறதே தப்புன்னு எங்க கட்சி சொல்லுது. நானும் அப்படித்தான் பேசிட்டிருக்கேன்" என்றான்.

பின்னாலிருந்து கூச்சல். நான் மேஜையைத் தட்டினேன். "கட்சி சொல்றது தெரியும் ரஸ். நீ என்ன சொல்றே?"

"எங்க அப்பா ரெண்டாம் நம்பர் மெஷின்ல விரலைப் பறிகொடுத்தவர். என் லாரி ஓடறது இந்த ஆலை ரோட்டுலதான்." தொப்பியைப் பெஞ்சில் வைத்தான். "நிப்பேன். ஆனா ஒண்ணு. நான் ஜெயிச்சா டீச்சர் என்கூட லான்சிங் வரணும். டீச்சர் ஜெயிச்சா நான் வர்றேன். ரெண்டு பேரும் ஒண்ணாப் போனாத்தான் அங்க காது கொடுப்பாங்க."

கோனி அவனைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "ரஸ்ஸல், பள்ளிக்கூடத்துலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் நீ சொன்னதுலயே இதுதான் உருப்படியான பேச்சு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஏப்ரலுக்குப் பிறகு அந்த அறையில் அன்றுதான் சிரிப்புச் சத்தம் என்று வெய்ன் சொன்னார்.

ஒன்றும் நிச்சயமில்லை. ஆனால் காலையில் எழுந்து செய்ய ஒரு வேலை இருக்கிறது.

உன் முதுகுக்குக் கம்பளி பெல்ட் பின்னுகிறேன்.

அக்கா வெர்னா

---

வாஷிங்டன்
நவம்பர் 9

அன்புள்ள அக்கா,

நலம், தூங்குகிறேன். பெல்ட் வந்தது, போட்டிருக்கிறேன்.

மிச்சிகன் நீலம், நாங்கள் சொன்னபடியே. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். நான் அந்த நேரத்தில் என் அறையில் உங்கள் மாநில அவைத் தொகுதியின் முடிவைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ரஸ் பெலாங்கா. மயிரிழை.

அத்தான் எப்படி எடுத்துக்கொண்டார்? வாழ்நாளில் ஒரு சிவப்பு ஆளுக்கும் அவர் போட்டதில்லை. உங்கள் கோனி தோற்றதில் எனக்கும் வருத்தம். ஆனால் அந்த எண்களைப் பார்த்தால், மேலே நீலத்துக்குப் போட்டவர்களில் நிறையப் பேர் கீழே ரஸ்ஸுக்குப் போட்டிருக்கிறார்கள். கட்சி நிறத்தைப் பார்த்துப் போட்டிருந்தால் அப்படி வராது. அவன் அன்று அறையில் சொன்னதை நம்பித்தான் போட்டிருக்கிறார்கள். அவனுக்கும் அது தெரிந்திருக்கும்.

மான் வேட்டைக்கு அத்தான் போகிறாரா? அவரைக் குளிரில் தனியாக விடாதே. எழுது.

அன்புடன்
ரைனோ

---

ஆட்டர் ஃபால்ஸ்
ஏப்ரல் 27

அன்புள்ள ரைனோ,

எங்களுக்கு உடம்பு நலம். உனக்கு இருமல் நின்றதா? இந்தக் குளிர்காலத்தில் தொலைபேசியிலேயே பேசித் தீர்த்துவிட்டோம்; இதை மட்டும் எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்.

தேர்தல் முடிவு வந்த அன்று வெய்ன், "போச்சு, அவன் கட்சிக்குப் பயந்துக்குவான்" என்று சவுனா நீராவி அறையில் போய் உட்கார்ந்துகொண்டார், வெளியே வரவே இல்லை. டிசம்பரில் ஆலை நின்றது. அந்த மௌனத்தை உனக்கு எப்படிச் சொல்வது? ஜன்னல் கண்ணாடியின் அதிர்வு நின்றுபோய், ஊருக்கே காது அடைத்தது போல இருந்தது. நீமி குடும்பம் கிரீன் பேவுக்குக் குடிபோனது. அவர்கள் நாயை நாங்கள் வைத்திருக்கிறோம்.

ரஸ் பயந்துகொள்ளவில்லை. அவனும் கோனியும் அவன் லாரியிலேயே பனியில் லான்சிங் போய் வந்தார்கள், ஒரு முறை இல்லை, பல முறை. அவன் கட்சித் தலைவர் அவனைக் கூப்பிட்டு, "உன் ஊர்தான் மேல நீலத்துக்குப் போட்டுச்சே, உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டாராம். "கீழ எனக்குத்தானே போட்டாங்க" என்றானாம். கோனி சொல்லித்தான் தெரியும், அவனாகச் சொல்லவில்லை. மார்ச்சில் மசோதா நிறைவேறியது. விஸ்கான்சினிலிருந்து பழுப்புப் பைத்தாள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி வாங்கியிருக்கிறது. மரம் வெட்டுபவர்களும் ஆலைக்காரர்களும் அதில் பங்கு வைத்திருக்கிறார்கள். ஒரு மெஷின்தான் ஓடும். பாதிப் பேருக்குத்தான் வேலை. மீதிப் பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பாஸ்ட்டி சுடுவது கஷ்டமாக இருக்கிறது. ஆனால் பாதிப் பேருக்கு இருக்கிறது, ரைனோ. வெய்ன் காலை ஷிப்ட் போர்மேன்.

திங்கட்கிழமை மெஷின் ஓடத் தொடங்கியது. கைசா பரீட்சையை விட்டுவிட்டு ஓடி வந்தாள், திட்டக்கூட மனசு வரவில்லை. பனி உருகிய சேற்றில் நின்று ஊரே புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் கொஞ்சம் வெள்ளையாக வந்தது, நின்றது, பிறகு நிற்கவே இல்லை. ஹைக்கினன் கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

மத்தியானம் ரஸ் கடைக்கு வந்தான். வெய்னும் ஷிப்ட் முடித்து வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒரே மேஜையில், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

கடைசியில் வெய்ன்தான் வாயைத் திறந்தார். "அடுத்த தடவையும் உனக்குப் போடமாட்டேன்."

"தெரியும்" என்றான் ரஸ்.

"டீச்சர் நின்னா அவங்களுக்குத்தான்."

"எங்க வீட்டுக்காரியே அவங்களுக்குத்தான் போட்டா" என்றான் ரஸ்.

வெய்ன் கையிலிருந்ததை வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். ரஸ்ஸும் சிரித்தான். நான் அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார் வெய்ன். போன ஏப்ரலில் நின்றுபோன சிரிப்பு. அதற்கு இத்தனை சத்தம் உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஜூலையில் விடுமுறை எடு. எந்த மாநிலமும் அந்த நேரத்தில் நிறம் மாறாது. படுக்கையைத் தயார் செய்து வைக்கிறேன்.

உன் அக்கா
வெர்னா